பெற்ற தாயை நீக்கும் கையெழுத்து யாருடையது?

நாளிதழ்களின் உட்பக்கங்களில், டெண்டர் அறிவிப்புகளுக்கும் ஏல விளம்பரங்களுக்கும் நடுவே அவ்வப்போது ஒரு சிறு கட்டம் வரும். அதில் மங்கலாக ஒரு கைக்குழந்தையின் படம் இருக்கும். இன்ன தேதியில், இன்ன பேருந்து நிலையத்தில் அல்லது அரசு மருத்துவமனை வாசலில் கண்டெடுக்கப்பட்ட குழந்தை. உரிமை கோருவோர் குறிப்பிட்ட நாட்களுக்குள் குழந்தைகள் நலக்குழுவை அணுக வேண்டும். தவறினால் தத்துக் கொடுக்க நடவடிக்கை எடுக்கப்படும். நம்மில் பெரும்பாலோர் படிக்காமலே பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஊர் பேர் தெரியாத ஒரு தாய்க்கும் தகப்பனுக்கும் அரசு அனுப்பும் சம்மன் அது. பெரும்பாலும் அவர்களுக்கு வரும் ஒரே சம்மனும் அதுதான்.

கெடு முடிந்த பிறகு குழுவின் மூன்று உறுப்பினர்கள் சேர்ந்து, அந்தக் குழந்தையைச் சட்டப்படி தத்துக் கொடுக்கலாம் என்று அறிவிக்கலாம். தத்துப் பெற்றோர் அமைந்து, மாவட்ட ஆட்சியர் ஆணை பிறப்பித்ததும், பிறந்த குடும்பத்தோடு குழந்தைக்கு இருந்த எல்லா உறவும் அறுந்து, புதிய குடும்பத்தின் உறவு அந்த இடத்துக்கு வருகிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 63ஆவது பிரிவில் இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. யாராவது மேல்முறையீடு செய்தால் ஒழிய, இந்தப் பாதையின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு நீதிபதிகூடக் குறுக்கிடுவதில்லை.

அரசு ஒரு மனிதர்மீது பிறப்பிக்கக்கூடிய ஆணைகளில் தூக்குத் தண்டனைக்கு அடுத்தபடியாகக் கடுமையானது, ‘நீ இனி இந்தக் குழந்தைக்குப் பெற்றவள் அல்ல’ என்பது. சிறைத் தண்டனைக்கு ஒரு முடிவு உண்டு. பறிபோன நிலத்துக்கு இழப்பீடு கேட்கலாம். இந்த ஆணைக்கு இரண்டும் கிடையாது. ஐந்து சென்ட் நிலத் தகராறுக்கு மூன்று அடுக்கு நீதிமன்றங்களை வைத்திருக்கும் நாம், இதை மட்டும் ஒரு குழுவின் மேசையிலும் ஒரு ஆட்சியரின் கோப்பிலும் முடித்துவிடுகிறோம்.

அமெரிக்க நீதிமன்றத்தில்...

இதே காரியத்தை அமெரிக்கா நீதிமன்றத்தில் வைத்துச் செய்கிறது. பெற்றோரின் உரிமையை முடிவுக்குக் கொண்டுவரக் கோரி அரசே மனு தாக்கல் செய்யும். தாயோ தந்தையோ எதிர்மனுதாரர். சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை எல்லாம் உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறினாலும், பெரும்பாலும் நீதிபதி இரண்டு கேள்விகளை வரிசையாகக் கேட்கிறார். சட்டம் பட்டியலிட்டிருக்கும் காரணங்களில் ஒன்றாவது நிரூபணமாகியிருக்கிறதா என்பது முதல் கேள்வி. குழந்தையைக் கைவிட்டது, கடுமையாகக் கொடுமைப்படுத்தியது, தொடர்ந்து பராமரிக்காமல் விட்டது, அரசு உதவி செய்தும் வீட்டு நிலைமையைச் சீராக்காதது என்று அந்தப் பட்டியல் போகும். அதற்கு ‘ஆம்’ என்று விடை வந்தால்தான் இரண்டாவது கேள்வி: உரிமையை அறுப்பது இந்தக் குழந்தைக்கு நல்லதா?

இந்த வரிசைதான் இதில் உயிர்நாடி. குழந்தையின் நலனை முதல் கேள்வியாக வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சித்தாள் வேலைக்குப் போகும் தாயின் வீட்டைவிட, தனி அறையும் நல்ல பள்ளியும் தரக்கூடிய தம்பதியின் வீட்டில் குழந்தை ‘நன்றாக’ வளரும் என்று எந்த அதிகாரிக்கும் தோன்றும். அந்த அளவுகோலை வைத்தால் ஏழை வீட்டுப் பிள்ளைகள் எல்லோரையுமே இடம் மாற்றிவிடலாம். அதனால்தான், பெற்றோரிடம் அரசு தலையிடும் அளவுக்குக் குறை இருக்கிறது என்பதை முதலில் நிரூபித்தாக வேண்டியிருக்கிறது.

எந்த அளவுக்கு நிரூபிக்க வேண்டும்? நியூயார்க் மாநிலத்திலிருந்து வந்த ஒரு தம்பதியின் வழக்கில் 1982ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்று பிள்ளைகளை அரசு எடுத்துக்கொண்டு, உரிமையை நிரந்தரமாக முடிக்கவும் கேட்டிருந்தது. சாதாரண சிவில் வழக்கைப் போல, சான்று ஒரு பக்கம் சற்றே கூடுதலாக இருந்தால் போதும் என்பதுதான் அன்றைய நியூயார்க் சட்டம். போதாது என்றார் நீதிபதி ஹாரி பிளாக்மன். தெளிவான, ஐயம் பெரிதும் நீங்கும்படியான சான்று வேண்டும் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பானது. அதன் பின்னால் இருந்த தர்க்கம் எளிமையானது. அரசிடம் வழக்கறிஞர்கள், சமூகப் பணியாளர்கள், உளவியலாளர்கள் என்று ஒரு படையே இருக்கிறது. குழந்தையும் அதன் வசம்தான் இருக்கிறது. இந்த முறை தோற்றால் மறுபடியும் வழக்குப் போடலாம். பெற்றோர் ஒரு முறை தோற்றால் தோற்றதுதான். அப்படியிருக்க, தீர்ப்பு தவறிப்போகும் ஆபத்தை இருவரும் சரிபாதியாகச் சுமக்க வேண்டும் என்பது நியாயமாகாது. மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி ரெங்குவிஸ்ட் சொன்னதையும் தள்ளிவிட முடியாது: நான்கு ஆண்டுகள் அரசு அந்தக் குடும்பத்தை ஒன்றுசேர்க்க முயன்றதே, அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாமா என்று அவர் கேட்டார்.

அமெரிக்கப் பூர்வகுடிக் குழந்தைகளுக்கு அளவுகோல் இன்னும் உயரம். அந்தச் சமூகங்களின் குழந்தைகளில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரை குடும்பங்களிலிருந்து பிரிக்கப்பட்டிருந்தது 1970களின் ஆய்வுகளில் தெரியவந்தது. ஆதரவற்ற குழந்தைகள் என்பதற்காக மட்டும் இது நடக்கவில்லை. பாட்டியும் அத்தையும் பெரியம்மாவும் சேர்ந்து வளர்ப்பதை வெள்ளைக்கார அதிகாரிகள் ‘கவனிப்பின்மை’ என்று எழுதிவைத்தார்கள். 1978இல் வந்த சட்டம், பூர்வகுடிப் பெற்றோரின் உரிமையை அறுக்க வேண்டுமென்றால், கொலை வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்றது. 2023இல் ஒன்பது நீதிபதிகளில் ஏழு பேர் அந்தச் சட்டம் செல்லும் என்று உறுதிசெய்தார்கள்.

இதைப் படித்துவிட்டு அமெரிக்கா பெற்றோரின் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். 1981இல் தீர்ப்பான வட கரோலினா வழக்கு ஒன்றில், சிறையிலிருந்து அழைத்துவரப்பட்ட தாய், வழக்கறிஞர் இல்லாமல், சமூகப் பணியாளரைத் தானே குறுக்கு விசாரணை செய்து தோற்றார். இத்தகைய வழக்கில் எல்லா ஏழைகளுக்கும் வழக்கறிஞர் தந்தாக வேண்டும் என்று அரசமைப்பு கட்டாயப்படுத்தவில்லை என்று உச்ச நீதிமன்றமே கைவிரித்தது; பெரும்பாலான மாநிலங்கள் தம் சொந்தச் சட்டங்களால் பிறகு அந்தக் குறையை ஈடுகட்டின. மிசிசிப்பி மாநிலத் தாய் ஒருவர், வழக்கு ஆவணங்களைத் தயாரிக்க 2,352 டாலர் கட்ட முடியாததால் மேல்முறையீட்டு உரிமையை இழந்து நின்றார். பணமில்லை என்பதற்காக இந்தக் கதவை மூடக் கூடாது என்று 1996இல் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் தீர்ப்பெழுதித்தான் அந்த அநியாயம் நீங்கியது.

இதற்கெல்லாம் மேலே, 1997இல் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம் ஒரு கடிகாரத்தை மாட்டியது. கடைசி 22 மாதங்களில் 15 மாதங்கள் ஒரு குழந்தை அரசின் பராமரிப்பில் இருந்துவிட்டால், சில விலக்குகள் தவிர, பெற்றோரின் உரிமையை முடிக்க அரசு மனு போட்டே ஆக வேண்டும். ஆண்டுக்கணக்கில் வளர்ப்பு வீடுகளில் பந்தாடப்பட்ட பிள்ளைகளுக்கு நிலையான வீடு கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம்; கெட்ட நோக்கமல்ல. ஆனால் இரண்டாண்டு சிறைத் தண்டனை 15 மாதங்களைத் தாண்டியது. போதை மறுவாழ்வு மையத்தில் இடம் கிடைக்கக் காத்திருப்பதும், வாடகை வீடு தேடி அலைவதும் அதே கடிகாரத்தில்தான் ஓடின. அமெரிக்காவில் குழந்தைகள் மீதான தவறுகள் என்று உறுதிசெய்யப்படுபவற்றில் ஏறத்தாழ முக்கால்வாசி, அடி உதையல்ல; கவனிப்பின்மை. கவனிப்பின்மைக்கும் வறுமைக்கும் இடையில் இருக்கும் கோடு எவ்வளவு மெல்லியது என்பது, பிள்ளையை அக்கம்பக்கத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் எவருக்கும் தெரியும். அந்நாட்டில் 18 வயதுக்குள் நூற்றில் ஒரு குழந்தை, தன் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ சட்டப்படி துண்டிக்கப்படுவதாக ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குத் தத்துப் பெற்றோரும் அமைவதில்லை. பழைய உறவும் போய், புதிய உறவும் வராத இந்தப் பிள்ளைகளுக்காக, அறுத்த உரிமையை மறுபடி ஒட்டவைக்கும் சட்டங்களைச் சில மாநிலங்கள் இயற்ற வேண்டியதாயிற்று.

ஆக, அமெரிக்காவைப் பார்த்து அப்படியே நகலெடுக்க நான் சொல்லவில்லை. அங்கே நடக்கும் அநியாயம்கூடத் தீர்ப்பில் பதிவாகிறது. பதிவானதால் கேள்வி கேட்கப்படுகிறது. இங்கே நமக்குக் கேள்வி கேட்கத் தீர்ப்பே இல்லை.

நம் நீதிமன்றங்கள் எங்கே நிற்கின்றன?

இந்திய நீதிமன்றங்களுக்குக் குழந்தை வழக்குகள் புதிதல்ல. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. பெற்றோர் உயிரோடு இருக்கையில், அவர்கள் தகுதியற்றவர்கள் என்று நீதிமன்றம் கருதினாலன்றி வேறொருவரைக் காப்பாளராக நியமிக்க முடியாது என்கிறது அது. தொடக்கத்தில் தந்தையை மட்டுமே குறிப்பிட்ட அந்தப் பிரிவில், தாய் இடம்பெற 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பது தனிக் கதை. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ஒரு வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமையோ விளையாட்டுப் பொருளோ அல்ல என்று 1973இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனைவியின் மரணத்தில் குற்றம்சாட்டப்பட்ட தந்தை, நான்தான் இயற்கைக் காப்பாளர் என்று சொல்லித் தாய்வழிப் பாட்டி தாத்தாவிடமிருந்து மகனைக் கேட்டபோது, அந்தத் தகுதி ஒன்றே போதாது, அவருடைய நடத்தையையும் பார்க்க வேண்டும் என்று 2008இல் அதே நீதிமன்றம் கீழ்நீதிமன்றங்களைக் கடிந்துகொண்டது.

ஆனால் இவை எல்லாமே குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்பது பற்றிய வழக்குகள். தோற்ற தந்தை, தந்தையாகவே தொடர்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம்; ஜீவனாம்சம் கட்டியாக வேண்டும்; நிலைமை மாறினால் மறுபடியும் மனு போடலாம். கணவன் மனைவி சண்டையில் குழந்தைக்காக நம் குடும்பநல நீதிமன்றங்கள் காட்டும் பொறுமை வியப்பானது. நீதிபதி குழந்தையைத் தன் அறைக்கு அழைத்துத் தனியே பேசுவார். ஆலோசகர் அறிக்கை தருவார். மத்தியஸ்த மையத்துக்கு இரண்டு முறை அனுப்புவார்கள். உறவு முழுதாக அறுபடும் இடத்துக்கு வரும்போது மட்டும் நீதிமன்றம் காணாமல்போய்விடுகிறது. வழக்கறிஞர் வைக்க வசதியுள்ள பெற்றோருக்கு நீதிமன்றம். வசதியில்லாத தாய்க்குக் குழு என்று இதைப் படித்தால், யார் மறுக்க முடியும்?

குழந்தைகள் நலக்குழு என்பது ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்டது. மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரங்களைச் சட்டம் அதற்குத் தந்திருக்கிறது. ஆனால் உறுப்பினர்கள் சட்டம் படித்தவர்களாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சமூகப் பணி, உளவியல், கல்வி போன்ற ஒரு துறையில் பட்டமும் குழந்தைகள் நலத்தில் ஏழாண்டு ஈடுபாடும் இருந்தாலும் போதும். இதில் தவறில்லை. தெருவில் தவிக்கும் பிள்ளைக்கு அன்றிரவே இடம் தேடித்தர நீதிபதியைவிட அவர்களே பொருத்தமானவர்கள், பலர் அதை அக்கறையோடு செய்கிறார்கள். அவசரத்துக்குப் பாதுகாப்பு தருவது ஒரு வேலை. நிரந்தரமாக உறவை அறுப்பது முற்றிலும் வேறு வேலை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்ததுதான் கோளாறு.

அந்த மேசையில் கேட்கப்படும் கேள்வியும் வேறு. தாய் தகுதியற்றவரா என்று அங்கே விசாரணை நடப்பதில்லை. குழந்தை கைவிடப்பட்டதா, பெற்றோராலேயே குழுவிடம் ஒப்படைக்கப்பட்டதா என்பதே கேள்வி. கைவிடப்பட்ட குழந்தைக்கு இரண்டு வயதுக்குள் இருந்தால் இரண்டு மாதம், அதற்கு மேல் என்றால் நான்கு மாதம் கெடு. ஒப்படைத்த தாய்க்கு மனம் மாற இரண்டு மாதம். எந்த அளவுக்குச் சான்று வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. தாய்க்காகப் பேச ஒருவர் இருக்க வேண்டும் என்றும் இல்லை. பெற்றோர் தகுதியற்றவர் என்று குழு முடிவுசெய்தால் அந்தக் குழந்தை பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையாகிவிடும் என்று வரையறை சொல்கிறது. தகுதியின்மை என்றால் என்ன என்பதற்கு அந்த வரையறையில் விளக்கம் கிடையாது.

இரண்டு மாதம் போதாதா என்று கேட்கலாம். ஒப்படைக்க வருபவர் யார் என்று பார்க்க வேண்டும். திருமணமாகாமல் பிள்ளை பெற்ற பத்தொன்பது வயதுப் பெண். பிரசவ வார்டிலிருந்து நேரே அழைத்து வரப்பட்டிருக்கிறாள். பக்கத்தில் அவளுடைய அப்பா, அண்ணன். ஊருக்குத் தெரியாமல் காரியம் முடிய வேண்டும் என்பதே அவர்கள் கவலை. கவுன்சலிங் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் யாரைப் பார்த்து அவள் பயப்படுகிறாளோ அவர்களையே அறைக்கு வெளியே நிற்கச் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்?

கேரளம் 2021இல் இதைக் கண்ணெதிரே பார்த்தது. திருவனந்தபுரத்தில் ஓர் இளம்பெண்ணுக்கு 2020 அக்டோபரில் பிறந்த ஆண் குழந்தையை, மூன்று நாளில் அவர் குடும்பத்தார் அரசு ஆதரவுக் குழந்தைகள் நல மன்றத்தின் தொட்டிலில் சேர்த்தார்கள். ஒப்புதல் பத்திரத்தில் அவர் கையெழுத்து இருப்பதாகக் குடும்பம் சொன்னது. ஏமாற்றி வாங்கியது என்றார் அவர். 2021 ஏப்ரலில் போலீஸில் புகார் கொடுத்தார். அதற்குப் பிறகும், ஆகஸ்டில், குழந்தை ஓர் ஆந்திரத் தம்பதியிடம் தத்துக்கு முந்தைய பராமரிப்புக்கு அனுப்பப்பட்டது. தெருவில் அமர்ந்து போராடி, தொலைக்காட்சிகள் எல்லாம் சுற்றி நின்ற பிறகுதான் மரபணுச் சோதனை நடந்து, நவம்பரில் குடும்பநல நீதிமன்றம் குழந்தையைத் தாயிடம் கொடுத்தது. அவர் படித்தவர், அரசியல் இயக்கத்தில் வளர்ந்தவர், போராடத் தெரிந்தவர். அந்த மூன்றும் இல்லாத ஒருத்தி என்ன செய்திருப்பாள்? எந்தத் தவறும் செய்யாத அந்த ஆந்திரத் தம்பதியும் மூன்று மாதம் வளர்த்த பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். முன்கூட்டியே ஒழுங்காக ஒரு விசாரணை நடந்திருந்தால் இரண்டு குடும்பங்களும் தப்பித்திருக்கும்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பழைய கணக்கு உண்டு. 1990களின் இறுதியில் சென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்து கடத்தப்பட்ட குழந்தைகள், போலி ஒப்படைப்புப் பத்திரங்களோடு ஒரு தத்து மையத்தின் வழியாக வெளிநாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது பின்னால் அம்பலமாகி, சிபிஐ விசாரணை வரை போனது. பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த தாய், காகிதத்தில் பிள்ளையைத் துறந்தவளாக இருந்தாள். தொட்டில் குழந்தைத் திட்டத்தையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பெண் சிசுக்கொலை மலிந்திருந்த சேலத்தில் 1992இல் தொடங்கிய திட்டம் அது. பல பெண் குழந்தைகள் உயிரோடு வளர்ந்ததற்கு அதுவே காரணம். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் தொட்டிலில் போட்டுவிட்டுப் போன பெண்களில் எத்தனை பேர் மாமியார் சொல்லிப் போட்டார்கள், எத்தனை பேர் மறுவாரம் திரும்பிவந்து கேட்கத் தயங்கி நின்றார்கள் என்பதைக் கேட்கும் வேலையை யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

ஒரு கை பிடிக்கிறது, ஒரு கை தள்ளுகிறது

இளைஞர் நீதிச் சட்டத்தின் 38ஆவது பிரிவில் மூன்றாவது உட்பிரிவு ஒன்று இருக்கிறது. மனவளர்ச்சி குன்றிய பெற்றோரின் குழந்தையை, வேறெந்தச் சட்டம் என்ன சொன்னாலும், தத்துக்கு உரியதாகக் குழு அறிவிக்கலாம் என்கிறது அது. பெற்றோரால் வளர்க்க முடிகிறதா, உதவி கொடுத்தால் முடியுமா, பாட்டி கூட இருக்கிறாரா என்று எந்த நிபந்தனையும் அந்த உட்பிரிவில் இல்லை.

இதே நாடாளுமன்றம் இரண்டே ஆண்டு கழித்து, 2017இல் மனநலப் பராமரிப்புச் சட்டத்தை இயற்றியது. மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெறும் பெண்ணிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று அது சொல்கிறது. ஆபத்து இருப்பதாக மனநல மருத்துவர் கருதிப் பிரித்தால், 15 நாளுக்கு ஒரு முறை அந்த முடிவை மறுபடி பார்க்க வேண்டும். 30 நாளைத் தாண்டினால் உரிய ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். முப்பது நாள் பிரிவுக்கு இத்தனை காவல்; நிரந்தரப் பிரிவுக்கு ஒன்றுமில்லை! பெற்றோரின் மாற்றுத்திறனைக் காரணம் காட்டிக் குழந்தையைப் பிரிக்கக் கூடாது என்று சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையில் 2007இலேயே இந்தியா இணைந்துவிட்டது. நீக்கப்பட வேண்டிய உட்பிரிவு இது. யாரும் வழக்குப் போடும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இருந்த ஒரே நீதிமன்றக் கதவும் 2021இல் மூடப்பட்டது. அதுவரை தத்து ஆணையை நீதிமன்றம்தான் பிறப்பித்தது. கோப்பைப் புரட்டும்போது ஏதாவது நெருடினால் நீதிபதி நிறுத்திக் கேட்க அங்கே ஒரு வாய்ப்பு இருந்தது. திருத்தச் சட்டம் அந்த அதிகாரத்தை மாவட்ட ஆட்சியருக்கு மாற்றியது. 2022 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஏற்கெனவே நீதிமன்றங்களில் இருந்த கோப்புகளை மாற்ற வேண்டாம் என்று மும்பை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் இடைக்கால உத்தரவு போட வேண்டியிருந்தது. நம் ஆட்சியர்கள் மேல் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. திங்கள்கிழமை குறைதீர் கூட்டம், வெள்ள நிவாரணம், தேர்தல் பணி, மணல் லாரி, அமைச்சர் வருகை எல்லாவற்றுக்கும் நடுவே, ஒரு ஒப்படைப்புப் பத்திரத்தின் பின்னால் இருக்கும் அழுத்தத்தை மோப்பம் பிடிக்க அவர்களுக்கு எங்கே நேரம் என்பதுதான் கேள்வி.

இந்தத் திருத்தத்துக்கு அரசு சொன்ன காரணத்தை எள்ளி நகையாட முடியாது. தத்து மனுக்கள் நீதிமன்றங்களில் மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்தன. கைக்குழந்தைக்கு ஆறு மாதம் என்பது வயதில் பாதி. இல்லத்தின் தொட்டிலில் ஆயாக்கள் முறை மாற்றி எடுத்து வளர்க்கும் பிள்ளை, ஒரே முகத்தைப் பார்த்து வளரும் பிள்ளையைப் போல இருக்காது. பிள்ளைக்காகப் பதிவுசெய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் தம்பதிகளின் வேதனையும் உண்மை. திரும்பி வரவே போவதில்லை என்று தெரிந்த பெற்றோருக்காகக் குழந்தையைக் காத்திருக்க வைப்பதும் கொடுமைதான். சொந்தப் பிள்ளையையே சீரழித்த தகப்பனின் உரிமையைக் கட்டிக்காக்க எனக்கு எந்த ஆர்வமும் இல்லை. ஆனால் நீதிமன்றம் தாமதமாகிறது என்றால் கெடு விதித்துக் கூடுதல் நீதிபதியை நியமிப்பதுதான் வழி. தாமதமாகிறது என்பதற்காக ஜாமீன் மனுக்களை வட்டாட்சியரிடம் யாராவது அனுப்புவார்களா?

வேகத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. இல்லங்களில் விடப்பட்டு, ஓராண்டுக்கு மேல் பெற்றோர் வந்து பார்க்காத பிள்ளைகளையும் தத்துக்கான கணக்கில் கொண்டுவர வேண்டும் என்ற குரல் அண்மை ஆண்டுகளில் வலுத்துவருகிறது. அந்தப் பிள்ளைகளில் பலருக்கு அது நல்லதாகவே முடியலாம். ஆனால் யார் வந்து பார்க்கவில்லை என்றும் விசாரிக்க வேண்டும். திருப்பூரில் ஷிப்டு வேலையில் இருக்கும் விதவைத் தாய், செங்கல் சூளையில் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கும் குடும்பம், சிறையில் இருக்கும் தாய். அமெரிக்கா 1997இல் மாட்டிய அதே கடிகாரத்தை நாமும் மாட்டப் பார்க்கிறோம். அங்கே அந்தக் கடிகாரத்தின் அடியில் ஒரு நீதிபதியாவது உட்கார்ந்திருக்கிறார்.

என்ன செய்யலாம்?

தாயோ தந்தையோ யாரென்று தெரிந்து, அவர் எதிர்க்கிறார் என்றால், அந்த நொடியே வழக்கு குழுவிடமிருந்து குழந்தைகள் நீதிமன்றத்துக்கோ குடும்பநல நீதிமன்றத்துக்கோ போக வேண்டும். தகுதியின்மை தெளிவான சான்றோடு நிரூபிக்கப்பட வேண்டும். காரணங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். நான்கு மாதத்துக்குள் தீர்ப்பு வர வேண்டும். வறுமையால் பிள்ளையைப் பார்க்க முடியவில்லை என்றால், மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை இருக்கிறது. அதைக் கொடுத்துப் பார்க்காமல் உறவை அறுக்க எந்தக் குழுவுக்கும் அனுமதி இருக்கக் கூடாது. குழந்தையைப் பராமரிக்கும் முதல் பொறுப்பு பெற்ற குடும்பத்துடையது என்று இளைஞர் நீதிச் சட்டமே தன் அடிப்படைக் கொள்கைகளில் எழுதிவைத்திருக்கிறது. பொறுப்பு அவர்களுடையது என்றால், அதை நிறைவேற்றக் கை கொடுப்பது அரசுடையது.

இவற்றில் சிலவற்றுக்குச் சட்டத் திருத்தம் வேண்டும்; டெல்லி மனம் வைக்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் எதுவும் வேண்டாம். இங்கிலாந்தில் குழந்தையை அரசு எடுத்துக்கொள்ளும் வழக்கென்றால், வருமானம் பார்க்காமல் பெற்றோருக்கு இலவச வழக்கறிஞர் கிடைக்கிறார். நம் நாட்டிலும் 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12ஆவது பிரிவில், பெண்கள் எல்லோருக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு என்கிறது. எல்லா மாவட்டங்களிலும் ஆணைக்குழு இருக்கிறது, பட்டியலில் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். ஒப்படைப்புப் பத்திரத்தில் எந்தத் தாய் கையெழுத்திடும் முன்பும், குடும்பத்தாரை வெளியே நிறுத்திவிட்டு, ஒரு பெண் வழக்கறிஞர் அவளிடம் தனியே அரை மணி நேரம் பேச வேண்டும். இரண்டு மாதம் முடியும் முன் மறுபடியும் ஒரு முறை தேடிப்போய்ப் பேச வேண்டும். இதற்குத் தமிழ்நாடு மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் ஒரு சுற்றறிக்கை போதும். அதை இந்த ஆண்டே வெளியிட வேண்டும்.